ஆர்டர் வருகிறது, காசு நிற்கவில்லை: சிறு இணையத் துணிக்கடைக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீட்டின் ஓர் அறையிலிருந்தோ சிறிய கிடங்கிலிருந்தோ மாதம் ஐம்பது முதல் ஐந்நூறு பார்சல் வரை அனுப்பும் இணையக் கடைக்காரர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். ஈரோடு மாவட்டத்திலிருந்து சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், பருத்திச் சேலை ஆகியவற்றை நான் இணையத்தில் விற்கிறேன். அதனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் துணியைப் பற்றியே இருக்கும். மசாலாப் பொடி, மரச்செக்கு எண்ணெய், மண்பாண்டம் போன்றவற்றை விற்பவர்களும் கணக்குகளில் தங்கள் தொகையைப் போட்டு இதே முறையைப் பின்பற்றலாம்.

எந்தக் குறையைச் சரிசெய்யத் தொடங்குவதற்கு முன்பும் ஆர்டர் நோட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். அது காகித நோட்டாக இருக்கலாம், கணினித் தாளாகவும் இருக்கலாம். ஓர் ஆர்டருக்கு ஒரு வரி என்ற கணக்கில் தேதி, பின்கோடு, பொருளின் குறியீட்டு எண், விற்ற விலை, கொள்முதல் விலை, பேக்கிங் செலவு, கூரியர்காரர் உண்மையில் பிடித்த தொகை, பணம் வந்த வழி, அதற்கான கட்டணம், பொருள் சேர்ந்த நாள், திரும்பியிருந்தால் காரணம், பணம் வங்கிக்கு வந்த நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இணையக் கடையில் குறை தென்படும் இடமும் குறை தோன்றிய இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. விற்பனை குறைந்ததும் விளம்பரத்தைக் கூட்டுவதும், லாபம் குறைந்ததும் விலையை ஏற்றுவதும் நம் கை தானாகச் செய்யும் வேலைகள். நோட்டு இருந்தால் அந்தக் கையைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்க முடியும். இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விலை, படம், விளம்பரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலித்தது என்பது உங்களுக்கு ஒருபோதும் தெரியாது.

அறிகுறி: பலர் பக்கத்தைப் பார்க்கிறார்கள், யாரும் வாங்குவதில்லை

முதலில், ஓரளவு பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் கடையைத் திறந்து பாருங்கள். வீட்டுப் பிராட்பேண்டில் நொடியில் திறக்கும் பக்கம், பேருந்தில் அமர்ந்து பார்ப்பவருக்குப் பத்து நொடி வெள்ளையாகவே நிற்கலாம். இதற்குப் பெரும்பாலும் கேமராவிலிருந்து வந்த படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியதுதான் காரணமாக இருக்கும். ஐந்தாறு எம்பி எடையுள்ள படத்தை முந்நூறு கேபிக்குள் சுருக்கினால் கைபேசித் திரையில் வேறுபாடு தெரியாது.

பக்கம் விரைவாகத் திறந்தும் விற்பனை நடக்கவில்லையென்றால், வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் கடந்த ஒரு மாதத்தில் உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ரவிக்கைத் துணி உண்டா, மொத்த நீளம் எவ்வளவு, சாயம் போகுமா, கஞ்சி போட்டிருக்கிறதா, போர்வை ஒற்றைக் கட்டிலுக்கா இரட்டைக் கட்டிலுக்கா என்று ஒரே கேள்வி மூன்று முறை வந்திருந்தால், அதற்கான விடை பக்கத்தில் இல்லை, அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை என்று பொருள். ஒருவர் கேட்டுவிட்டார், கேட்காமலேயே போனவர்கள் அவரைவிடப் பலர். சேலைப் பக்கத்தில் ரவிக்கைத் துணியுடன் சேர்த்த நீளத்தையும் சேலையின் நீளத்தையும் தனித்தனியாக மீட்டரில் எழுதுங்கள். போர்வைக்குச் சென்டிமீட்டர், அங்குலம் இரண்டையும் எழுதுங்கள். முந்தானையை விரித்த படம், கரையை அருகில் காட்டும் படம், துணியைக் கையில் பிடித்திருக்கும் படம் ஆகிய மூன்றும் இருந்தால் கேள்விகள் பாதியாகக் குறைவதை நான் என் கடையிலேயே கண்டிருக்கிறேன்.

கைத்தறி என்று எழுதுபவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், 11 வகைப் பொருட்களில் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. சேலையும் ஜமக்காளமும் அந்தப் பட்டியலில் உண்டு. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது வாடிக்கையாளருக்கும் நெசவாளிக்கும் ஒருசேரச் செய்யும் துரோகம். தறிக்காரரை நேரில் அறிந்திருந்தால் அந்தத் தறியின் படத்தைப் போடுங்கள். கைத்தறி முத்திரைச் சீட்டு இருந்தால் அதையும் காட்டுங்கள். உண்மையான விவரம் இருக்கும் பக்கத்தில் வாங்குபவரின் தயக்கம் குறைகிறது.

அறிகுறி: கூடையில் போடுகிறார்கள், பணம் கட்டாமல் போய்விடுகிறார்கள்

இதில் சந்தேகத்துக்கு உரிய முதல் இடம் அனுப்புக் கட்டணம். 650 ரூபாய்ப் போர்வைக்குக் கடைசித் திரையில் 90 ரூபாய் புதிதாகச் சேர்ந்தால், அந்தத் தொகையின் அளவைவிட அது சொல்லாமல் வந்த விதமே மனத்தை மாற்றிவிடுகிறது. கட்டணத்தைப் பொருள் பக்கத்திலேயே விலைக்குக் கீழே எழுதுங்கள், அல்லது விலையிலேயே சேர்த்துவிடுங்கள். இரண்டாவது இடம், கணக்குத் தொடங்கினால்தான் வாங்க முடியும் என்ற கட்டாயம். அதை நீக்கி, பெயர், கைபேசி எண், முகவரி மட்டும் கேளுங்கள். மூன்றாவதாக, யுபிஐ வழியில் பணம் கட்டும்போது கைபேசியில் உள்ள செயலி நேரடியாகத் திறக்கிறதா என்பதை ஒரு ரூபாய்ச் சோதனைப் பொருள் ஒன்றை வைத்து நீங்களே வாங்கிப் பாருங்கள். இந்தச் சோதனையை மாதம் ஒருமுறையாவது செய்ய வேண்டும், ஏனெனில் நாம் எதையும் தொடாதபோதும் செயலிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அறிகுறி: “பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை” என்று வாடிக்கையாளர் சொல்கிறார்

பதற்றத்தில் இருப்பவர் அவர். ஆகவே முதல் பத்து நிமிடத்துக்குள், “பார்த்துக்கொண்டிருக்கிறோம், உங்கள் பணம் எங்கும் போகாது” என்று ஒரு பதில் போக வேண்டும். பிறகு அவரிடம் யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் கேட்டு, உங்கள் கடைக்காக இணையத்தில் பணம் வாங்கித் தரும் பணப்பரிவர்த்தனை நிறுவனத்தின் (பேமென்ட் கேட்வே) பட்டியலில் தேடுங்கள். அங்கே வெற்றி என்று இருந்து உங்கள் கடையில் மட்டும் பதிவாகவில்லையென்றால், கோளாறு அந்த நிறுவனத்திலிருந்து உங்கள் கடை மென்பொருளுக்குச் செய்தி வரும் இணைப்பில் இருக்கிறது. ஆர்டரைக் கையால் பதிவுசெய்து அனுப்பிவிட்டு, இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே நிலுவை அல்லது தோல்வி என்று இருந்தால் பணம் உங்களிடம் வரவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் கணக்கில் பிடித்தம் ஆகியும் கடைக்காரரிடம் உறுதி வராத யுபிஐ பரிவர்த்தனை, அந்த நாளுக்குப் பிந்தைய ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதைத் தமிழில் நான்கு வரியில் எழுதி ஆயத்தப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்கு வேண்டியது அந்தத் தெளிவுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. பணம் அனுப்பியதாகக் கைபேசித் திரையின் படத்தை (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பி, பொருளை உடனே அனுப்பச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய படங்களைப் போலியாகத் தயாரிப்பது மிக எளிது. வங்கிக் கணக்கில் வரவு தெரியாமல் ஒரு பார்சலும் வெளியே போகக் கூடாது. அதேபோல, பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. மொத்தமாக நூறு போர்வை வாங்குவதாகச் சொல்லி, முன்பணம் வருவதற்கு இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி. இதைக் கடையில் உதவிக்கு இருக்கும் தம்பி, தங்கை, அம்மா அனைவருக்கும் சொல்லிவையுங்கள். பெரிய ஆர்டர் என்ற மகிழ்ச்சியில் இருக்கும்போதுதான் இந்த அழைப்பு வருகிறது.

அறிகுறி: கூரியர் பில் நாம் கணக்கிட்டதைவிடக் கூடுதலாக வருகிறது

தராசில் காட்டும் எடை ஒன்று, இடத்தை அடைக்கும் எடை ஒன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவதைப் பல கூரியர் நிறுவனங்கள் கன எடை என்று கொள்கின்றன. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 40 × 30 × 20 அளவுள்ள அட்டைப்பெட்டியில் 1.8 கிலோ போர்வையை வைத்தால், கன எடை 4.8 கிலோ. அதே போர்வையை இறுக மடித்து 35 × 28 × 6 அளவில் பாலிதீன் உறையில் வைத்தால், கன எடை 1.2 கிலோகூட வராது. அப்போது தராசு எடைக்கே கட்டணம் போடுவார்கள். நான் முதல் ஆண்டு முழுவதும் அழகுக்காக அட்டைப்பெட்டியில் அனுப்பினேன். அந்தப் பெட்டிகளில் பாதிக்கு மேல் காற்றுதான் பயணம் செய்தது என்பது நோட்டில் கூரியர் வரியைத் தனியாக எழுதத் தொடங்கிய பிறகே தெரிந்தது.

ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு நிலையான பேக்கிங் அளவை வைத்துக்கொண்டு, பார்சல் தராசின் மேலும் அளவுநாடாவின் அருகிலும் இருக்கும் படத்தை எடுத்துச் சேமியுங்கள். எடை கூட்டிப் பிடிக்கப்பட்டால் முறையிட அந்தப் படம்தான் சான்று. முறையிட ஒவ்வொரு நிறுவனத்திலும் சில நாட்களே அவகாசம் இருக்கும் என்பதால், பில்லை வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அறிகுறி: ஆர்டர் பெருகுகிறது, பார்சல்கள் திரும்பி வருகின்றன

இது பெரும்பாலும் பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையில், அதாவது கேஷ் ஆன் டெலிவரியில் வரும் நோய். இதன் கடுமையை எண்களில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பருத்திச் சேலையை 5 சதவீத ஜிஎஸ்டி உட்பட 1,200 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். வரி போக நம்முடையது ஏறத்தாழ 1,143 ரூபாய். கொள்முதல் வரி நீங்கலாக 720, பேக்கிங் 25, கூரியர் 75, பணத்தை வசூலித்துத் தரும் கட்டணம் 40 என்றால், 283 ரூபாய் மிச்சம். ஓர் ஆர்டரைக் கொண்டுவர விளம்பரத்துக்கு 220 ரூபாய் ஆகிறது என்றால், கையில் நிற்பது வெறும் 63 ரூபாய். பார்சல் திரும்பிவந்தால் விளம்பரம் 220, போன கூரியர் 75, திரும்பிய கூரியர் 65, பேக்கிங் 25 என்று 385 ரூபாய் போய்விடுகிறது. நூறு ஆர்டரில் 20 திரும்பினால், சேர்ந்த 80 ஆர்டரின் லாபம் 5,040 ரூபாய், திரும்பிய 20இன் நட்டம் 7,700 ரூபாய். நூறில் 14 திரும்பும்போதே லாபமும் நட்டமும் சமமாகிவிடுகின்றன. 20 திரும்பினாலோ, நூறு ஆர்டர் வந்த மாதம் என்று மகிழ்ந்திருக்கும்போதே 2,660 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும்.

சரிசெய்யும் வழி, இந்த முறையை ஒரேயடியாக மூடுவதன்று. முன்பின் அறியாத கடைக்கு முன்கூட்டியே பணம் அனுப்பத் தயங்குவது நியாயமான தயக்கம். நோட்டில் திரும்பிய வரிகளை மட்டும் எடுத்துப் பின்கோடு வாரியாகவும் காரணம் வாரியாகவும் பிரியுங்கள். முகவரி முழுமையாக இல்லை, தொலைபேசியை எடுக்கவில்லை, வேண்டாம் என்றார் ஆகிய மூன்றும் மூன்று வேறு நோய்கள். முதலாவதற்கு மருந்து, கதவு எண், தெரு, அருகிலுள்ள அடையாளம் மூன்றையும் ஆர்டர் படிவத்தில் தனித்தனிக் கட்டங்களாகக் கேட்பது. இரண்டாவதற்கு, அனுப்புவதற்கு முன் வாட்ஸ்அப்பில் உறுதிச்செய்தி அனுப்பி, பதில் வந்த பிறகே பார்சல் கட்டுவது. ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. மூன்றாவதற்கு, 100 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை வாசலில் வாங்குவதும், முழுத் தொகையை முன்னே கட்டுபவருக்கு 40 ரூபாய் குறைப்பதும் பயன்தரும். அந்த 40 ரூபாய் எப்படியும் வசூல் கட்டணமாகப் போயிருக்க வேண்டியதுதான்.

பார்சல் வெளியே போனதிலிருந்து சேரும்வரை ஆகும் நாட்களையும் பாருங்கள். ஏழாம் நாள் சேரும் பார்சலைவிட மூன்றாம் நாள் சேரும் பார்சல் குறைவாகவே திரும்பும், ஏனெனில் வாங்கும் ஆசை ஆறுவதற்குள் பொருள் வாசலுக்கு வந்துவிடுகிறது.

அறிகுறி: “படத்தில் பார்த்த நிறம் வேறு, வந்தது வேறு” என்ற புகார்

மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்வோம். பாவில் (நீளவாட்டு நூலில்) ஒரு நிறமும் ஊடையில் (குறுக்கு நூலில்) இன்னொரு நிறமும் ஓடும் சேலையில் வெளிச்சம் விழும் கோணத்துக்கேற்ப நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். கைபேசி அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு படமாக்குகிறது. அரக்கு நிறம் மஞ்சள் விளக்கில் செங்கல் நிறமாகிவிடுகிறது. ஆகவே குழல்விளக்கு, மஞ்சள் விளக்கு இரண்டையும் அணைத்துவிட்டு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், நேர்வெயில் படாத சன்னல் ஓரத்தில் படமெடுங்கள். படத்தில் தெரியும்படி துணியோடு ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்த முதல் படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகவே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதே அமைப்பில் மற்றவற்றை எடுக்கலாம். அழகூட்டும் வடிகட்டிகளை அறவே தவிர்க்க வேண்டும். எடுத்த படத்தை வேறு இரண்டு கைபேசிகளில் திறந்து, சேலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரட்டை நிறச் சேலைக்குப் பத்து நொடிக் காணொளி கட்டாயம் வேண்டும், துணியை மெல்ல அசைத்துக் காட்டினாலே போதும்.

புகார் நிறத்தைப் பற்றியதாக இல்லாமல் சாயத்தைப் பற்றியதாக இருந்தால், விற்பனையை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அந்த லாட்டிலிருந்து ஒரு துணியை எடுத்து, ஈரமான வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், அந்த லாட்டில் வாங்கிய அனைவருக்கும், அவர்கள் புகார் செய்வதற்கு முன்பே, தனியாகத் துவைக்கச் சொல்லிச் செய்தி அனுப்புங்கள், திருப்பித் தர விரும்புபவர்களுக்குப் பணத்தைக் கொடுங்கள். எனக்கு இது நேர்ந்தபோது பதினொரு பேருக்குச் செய்தி அனுப்பினேன். நான்கு பேர் திருப்பினார்கள், மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020இன்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் ஒரு சிறு கடைக்கு அந்த ஒரு மாதம் மிக நீண்ட காலம்.

அறிகுறி: விற்பனை கூடியிருக்கிறது, வங்கிக் கணக்கு காலியாகவே இருக்கிறது

என்னிடம் ஆலோசனை கேட்கும் புதுக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். சில கடைகள் நல்ல ஆர்டர் வந்துகொண்டிருக்கும்போதே மூடப்படுவதும் இதனால்தான். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும், அவற்றை இந்த வரிசையில் சோதிக்க வேண்டும்.

முதலாவது, ஓர் ஆர்டரில் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா என்பது. மேலே சொன்ன அதே சேலையை முழுத் தொகையையும் முன்னே கட்டி வாங்குபவருக்கு விற்கும்போது, வசூல் கட்டணத்துக்குப் பதிலாகப் பணப்பரிவர்த்தனைக் கட்டணம் 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 28 ரூபாய் என்று வைத்தால், விளம்பரத்துக்கு முன் 295 ரூபாய் மிச்சம். விளம்பரம் 220 போக 75. நூறு ஆர்டரில் ஆறு மட்டும் திரும்புகின்றன என்றால், 94 ஆர்டரில் 7,050 ரூபாய் வரவு. திரும்பிய ஒவ்வொன்றுக்கும், திரும்பும் கூரியருக்கு 90 ரூபாய் சேர்த்து, 438 ரூபாய் நட்டம், ஆறுக்கு 2,628. ஆக 4,422 ரூபாய் லாபம். இப்போது விளம்பரச் செலவு மட்டும் ஓர் ஆர்டருக்கு 220இலிருந்து 260 ஆகிறது என்று வையுங்கள். ஆர்டருக்கு மிச்சம் 35, 94 ஆர்டருக்கு 3,290. திரும்பிய ஆறின் நட்டம் 2,868. மாத லாபம் 422 ரூபாயாகிவிட்டது. வாடகையும் மின்கட்டணமும் உங்கள் உழைப்பும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. ஆர்டர் எண்ணிக்கை அதே நூறுதான் என்பதால், விற்பனைத் திரையைப் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது.

ஆகவே விளம்பரத்தை அதன் மொத்தச் செலவால் அளக்காமல், புதிய வாடிக்கையாளர் ஒருவரைக் கொண்டுவர ஆகும் தொகையால் அளக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர் தாமாக வந்து வாங்கிய ஆர்டரையும் விளம்பரத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டால், அந்தத் தொகை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இரண்டையும் நோட்டில் தனியாகக் குறியுங்கள். பழையவர் மீண்டும் வாங்கும்போது 295 ரூபாயும் ஏறத்தாழ முழுமையாக நிற்கிறது என்பதை நினைத்தால், முதல் பார்சலுக்குள் கையெழுத்திட்ட ஒரு சீட்டை வைப்பதும், துவைக்கும் முறையை எழுதி அனுப்புவதும் எவ்வளவு மலிவான விளம்பரம் என்பது தெரியும்.

இரண்டாவது காரணம், லாபம் அலமாரியில் துணியாக அடுக்கியிருப்பது. நூறு சேலையை 720 வீதம் 72,000 ரூபாய்க்கு வாங்கி, அறுபதை விற்று ஒவ்வொன்றிலும் 75 ரூபாய் லாபம் கண்டாலும், லாபம் 4,500 ரூபாய்தான். மீதி நாற்பதில் 28,800 ரூபாய் சிக்கியிருக்கிறது. அந்த நிலையில் புது ரகம் வாங்க இன்னொரு 50,000 எடுத்தால், கணக்கில் லாபமும் கையில் கடனும் சேர்ந்தே இருக்கும். ஒவ்வொரு மாத இறுதியிலும் இருப்பை அறுபது நாளுக்குள் வந்தது, அதற்கு மேல் நின்றது, நூற்றிருபது நாளைக் கடந்தது என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது குவியலைக் கொள்முதல் விலைக்கே கொடுத்தாலும் பரவாயில்லை. ஆடித் தள்ளுபடிக் காலம் அதற்குப் பொருத்தமானது, அப்போது மக்கள் குறைந்த விலையை எதிர்பார்த்தே வருவார்கள். நின்றுபோன துணியை மடிப்பு மாற்றி அடுக்காவிட்டால், மடித்த இடத்தில் கோடு விழுந்து அதன் மதிப்பும் கெடும்.

மூன்றாவது, பணம் வரும் நாளுக்கும் போகும் நாளுக்கும் உள்ள இடைவெளி. நெசவாளிக்கு அன்றே கொடுக்கிறோம், கொடுக்கவும் வேண்டும். யுபிஐ, அட்டை வழியாக வரும் பணம் இரண்டு மூன்று வேலை நாளில் வருகிறது. கேஷ் ஆன் டெலிவரிப் பணம் பொருள் சேர்ந்து ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து வருகிறது. விற்பனை இரட்டிப்பானால் இந்த இடைவெளியில் சிக்கும் தொகையும் இரட்டிப்பாகும். அடுத்த நான்கு வாரங்களில் எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்து, ஏதாவது ஒரு வாரம் கழித்தல் குறியில் முடிந்தால், அந்த வாரத்துக்கான கொள்முதலை இன்றே குறையுங்கள். வீட்டுச் செலவுக்கும் கடைக்கும் ஒரே வங்கிக் கணக்கைப் பயன்படுத்துபவர்களால் இந்தத் தாளை எழுதவே முடியாது. தனிக் கணக்கு முதல் நாளிலேயே வேண்டும்.

அறிகுறி: பெரிய விற்பனைத் தளம் அனுப்பும் பணம் கணக்கோடு ஒத்துவரவில்லை

தரகு, அனுப்புக் கட்டணம் ஆகியவற்றுக்கு அப்பால் இரண்டு வரிப் பிடித்தங்கள் அங்கே உண்டு. ஜிஎஸ்டியில் மூலத்தில் வசூலிக்கப்படும் வரி 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். வருமான வரிப் பிடித்தம் 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். இவை இரண்டும் செலவல்ல, உங்கள் பணம். முதலாவதை ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத் தாக்கல் செய்தால்தான் உங்கள் ரொக்கப் பேரேட்டில் வரவு வைக்கப்படும். பலர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதை ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

பதிவு பற்றியும் ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய். அதற்குக் குறைவானவர்கள் 2023 அக்டோபர் 1 முதல் பதிவு இல்லாமலேயே, தளங்களின் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம். அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற வேண்டும். வெளிமாநிலத்துக்கு விற்பதென்றால் பொதுவாகப் பதிவு கட்டாயம். கைவினைப் பொருட்கள், கைத்தறித் துணிகள் சிலவற்றுக்கு நிபந்தனையுடன் விலக்கு உண்டு என்பதால், உங்கள் பொருளின் பெயரைச் சொல்லி ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பொருள் பக்கம் திடீரென நீக்கப்பட்டிருந்தால், பொதியின் மேல் இருக்க வேண்டிய அதிகபட்ச விற்பனை விலை, அளவு, பொதி செய்தவர் முகவரி, நுகர்வோர் தொடர்பு ஆகியவற்றில் எது பக்கத்தில் விடுபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். உணவுப் பொருளாக இருந்தால், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணையும் சரிபாருங்கள்.

அறிகுறி: ஒரே சேலையை இருவருக்கு விற்றுவிட்டோம்

இன்ஸ்டாகிராமில் ஒருவரும் இணையதளத்தில் ஒருவரும் ஒரே நேரத்தில் வாங்கியிருப்பார்கள். ஒவ்வொரு துணிக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுள்ள சீட்டை மடிப்புக்குள் வைத்து, எந்த வழியில் விற்றாலும் ஒரே பதிவேட்டில் அடித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் “எடுத்து வையுங்கள்” என்று சொல்பவருக்கு இரண்டு மணி நேரம் என்ற வரம்பைப் பணிவாகச் சொல்லிவிடுங்கள். தவறு நேர்ந்துவிட்டால், முதலில் பணம் கட்டியவருக்குச் சேலை. மற்றவரைத் தொலைபேசியில் அழைத்து, பணத்தைத் திருப்பிவிட்டதைச் சொன்ன பிறகே வேறு நிறம் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வரிசையை மாற்றிக் கேட்டால் அது பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவதாகத் தோன்றும்.

அறிகுறி: தீபாவளிக்கு முன் ஆர்டர் குவிகிறது, அனுப்ப முடியவில்லை

இந்தக் குறை ஐப்பசியில் தெரிந்தாலும், அதைச் சரிசெய்ய வேண்டிய மாதம் ஆடி. தறியில் நெய்யும் துணியைக் கடைசி நேரத்தில் இரட்டிப்பாக்க முடியாது. நூல் வாங்கி, சாயமேற்றி, பாவு ஓட்டி, தறியில் ஏற்றிய பிறகுதான் முதல் சேலையே இறங்கும். நெசவாளியிடம் எத்தனை, எந்த நிறம், எந்தத் தேதி என்று ஆடியிலேயே எழுதிக்கொடுத்து, முன்பணமும் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது ஐப்பசியே வந்துவிட்டது, குவியலும் முன்னால் இருக்கிறது என்றால், ஒரு நாளில் உண்மையில் எத்தனை பார்சல் கட்ட முடிகிறது என்று கடந்த வாரத்தை எண்ணிப் பாருங்கள். அது முப்பது என்றும், கையில் இருநூற்றுப் பத்து ஆர்டர் என்றும் வந்தால், இன்று வாங்குபவருக்கு எட்டாம் நாள்தான் பார்சல் கிளம்பும். தீபாவளி நாளிலிருந்து அந்த எட்டையும் கூரியர் எடுக்கும் நாட்களையும் மேலும் மூன்று நாளையும் பின்னோக்கிக் கழித்தால் வருவதே கடைசித் தேதி. அந்தத் தேதியை முகப்பில் பெரிய எழுத்தில் போட்டு, அதற்குப் பிறகு வரும் ஆர்டர் பண்டிகைக்குப் பின்தான் சேரும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். விளம்பரத்தை அன்றே நிறுத்துங்கள். உதவிக்கு ஆள் வைப்பதென்றால், முதலில் பார்சல் கட்டவே வையுங்கள், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவருக்காக, துணியை விரித்துப் பிசிறு பார்ப்பது, எண் சரிபார்ப்பது, மடிப்பது, பில் வைப்பது, ஒட்டுவது, முகவரியை ஆர்டரோடு ஒப்பிடுவது என்ற வரிசையை எழுதி, மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிடுங்கள். முதல் இரண்டு நாள் அவர் கட்டும் ஒவ்வொரு பார்சலையும், உறையை ஒட்டுவதற்கு முன், நீங்களே ஒருமுறை பாருங்கள்.